நல்ல பூச்சியை நசுக்கிவிட்டு மாவுப்பூச்சி போகலையே என்று புலம்பாதீர்கள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில், என் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. நடுவே கொஞ்சம் பெரிதாக, வெள்ளை நூல் நூலாகத் தொங்க ஒன்று ஊர்ந்தது. தாய்ப்பூச்சி இதுதான் என்று நினைத்து நசுக்கினேன். பக்கத்துப் பாத்தி சீன ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றின் புழுவாம்! மாவுப்பூச்சி அசைவது மாதிரியே தெரியாது, இது விறுவிறுவென்று நடக்கும், அதை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பொறிவண்டு என்றால் சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட வண்டைத்தான் நமக்குத் தெரியும், அதன் புழு குட்டி முதலை மாதிரி இருப்பதும், முட்டை இலையடியில் மஞ்சளாகக் கொத்தாக நிற்பதும் தெரியாது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்தில் சிலது மட்டும் உப்பிப் பழுப்பாகி அசையாமல் கிடந்தால் அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள், உள்ளே அசுவினியைத் தின்று ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது.

அடுத்தது அவசரம். பூச்சி வந்த பிறகுதான் அதைத் தின்பது வரும், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் மருந்தடித்தால் இரண்டும் சாகும், ஆனால் அசுவினி இணைசேராமலே குட்டி போடுகிற ஜாதி, அதுதான் முதலில் திரும்பி வரும். வேப்பெண்ணெய்தானே என்று செடி முழுக்க அடிப்பதும் சரியில்லை, மேலே பட்டால் புழுவுக்கும் ஆபத்து. பூச்சி இருக்கும் இலையை மட்டும் துடைத்துவிடுங்கள்.

எறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். அசுவினியும் மாவுப்பூச்சியும் விடும் தேன்கழிவுக்காக எறும்பு காவல் நின்று பொறிவண்டை விரட்டும். ஊரில் செய்வதுபோல் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டாம், இங்கே அது ஏடிஸ் கொசுவுக்கு வீடு, அப்புறம் அபராதம்தான். தொட்டி விளிம்பில் வாசலின் தடவினால் போதும்.

வெளிநாட்டு இணையக் கடையில் பொறிவண்டு வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். உயிருள்ள பூச்சியைக் கொண்டுவர தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், காரணம் இல்லாமல் இல்லை. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரை வண்டை விட்டுவிட்டு நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பெருகியது. தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்தது உண்மைதான், ஆனால் அது ஆராய்ச்சி நிலையங்கள் சோதித்துப் பார்த்துவிட்ட குளவி.

நமக்கு இங்கே இருப்பதே போதும், தங்க இடம் கொடுத்தால் வரும். வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும், துளசியைப் பூக்கவிடுங்கள். கொத்தமல்லி எப்படியும் இந்த வெயிலில் சீக்கிரமே பூத்துவிடும், பிடுங்காதீர்கள். ஒரு பூச்சிகூட இருக்கக்கூடாது என்று துடைத்து எடுத்தால் வந்த பொறிவண்டு பட்டினியில் பறந்துவிடும். என் மிளகாய்ச் செடியில் இப்போதும் பத்துப் பன்னிரண்டு அசுவினி இருக்கிறது, ஆன்ட்டி தினமும் எட்டிப் பார்த்து எண்ணிவிட்டுப் போகிறார்.