பெயரை மறைத்தால் போதுமா? வார்டில் நோயாளியின் ரகசியம் கசியும் இடங்கள்

ஒவ்வொரு ஆண்டும் புது ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) வார்டுக்கு வந்த சில வாரங்களிலேயே அதே பிழைகள் தொடங்கிவிடுகின்றன. அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் செய்தவைதான். கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போவது, லிஃப்ட்டில் நின்று கேஸ் பேசுவது, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைப்பது எல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகள் வேறு.

வாட்ஸ்அப்பில் போடும் கேஸ் படம்

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. ஒருமுறை நடந்தால் திருத்தவும் முடியாது.

இரவு ஒரு மணிக்குப் பூச்சிமருந்து குடித்த கல்லூரி மாணவி ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். குடித்தது ஆர்கனோபாஸ்பரஸா, பாராகுவாட்டா என்று தெரிந்தாக வேண்டும். முதலாவது என்றால் அட்ரோபின் என்ற மாற்று மருந்து. இரண்டாவது என்றால் ஆக்சிஜனைக்கூட யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். பாட்டிலில் லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. டூட்டி டாக்டர் அதை மேஜைமேல் வைத்துப் படமெடுத்து யூனிட் குரூப்பில் போடுகிறார். உடனே பதில் வருகிறது, சிகிச்சையும் சரியாக நடக்கிறது. ஆனால் பாட்டிலுக்கு அடியில் ஓ.பி. சீட்டு கிடந்தது: பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது 19. விடிவதற்குள் அந்தப் படம் அவருடைய ஊர்க்காரர்களின் குரூப்புக்குப் போய்விடுகிறது. அவர் பிழைத்து வீடு திரும்பும்போது தெரு முழுக்க விஷயம் தெரியும். டாக்டரின் நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. சீட்டை நகர்த்த ஒரு நொடி போதும், அதை யாரும் செய்யவில்லை.

‘பெயரை அழித்துத்தானே அனுப்பினேன்’ என்பார்கள். எப்படி அழித்தார்கள் என்று பாருங்கள். போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் கறுப்புக் கோடு இழுத்திருப்பார்கள். அது கண்ணாடி போன்ற மை. படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து மேலே வந்துவிடும். எக்ஸ்ரே ஃபிலிமின் மூலையில் உள்ள பெயர்மேல் மைக்ரோபோர் ஒட்டிப் படமெடுப்பவர்களும் உண்டு. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் (வியூ பாக்ஸ்) வெளிச்சம் பிளாஸ்டர் வழியாகப் பாய்ந்து பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்கேன் படத்தின் மேல்பட்டையிலும் ஈ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்திலும் பெயரோடு ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) தேதியும் நேரமும் இருக்கும். பெயரை மட்டும் மறைத்து எண்ணை விட்டுவிட்டால் அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் யாரும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போடுவதை நம்பவே வேண்டாம். வாயையும் தாடையையும் பார்த்தே சொந்தக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். நம் ஊரில் முன்கையில் பெயரையே பச்சை குத்தியிருப்பார்கள். புண்ணைப் படமெடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. படமெடுப்பதற்கு முன் எதற்காக, யாருக்கு அனுப்பப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். கேட்டதைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். சுற்றிலும் பச்சைத் துணி விரித்து, தேவையான இடம் மட்டும் தெரியும்படி எடுங்கள். போனில் மறைப்பதானால் பேனா வேண்டாம். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் போன்ற விவரங்களும் கோப்போடு சேர்ந்து போகலாம் என்பதால் சாதாரணப் படமாகவே அனுப்புங்கள். குரூப்பில் போடாதீர்கள், பதில் சொல்லப்போகும் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். யூனிட் குரூப்பில் போன வருடமே வேலையை விட்டுப் போனவர்கள்கூட இருப்பார்கள். ‘ஒருமுறை மட்டும் பார்க்க’ என்ற வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் இன்னொரு போனால் திரையைப் படமெடுப்பதை அது தடுக்காது.

பிறகு உங்கள் போனையே பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘மீடியா விசிபிலிட்டி’ அணைக்கப்படவில்லை என்றால் குரூப்பில் வந்த படமெல்லாம் கேலரிக்கு வந்திருக்கும். அங்கிருந்து கூகுள் ஃபோட்டோஸுக்கும் ஏறியிருக்கலாம். வீட்டில் குழந்தை விளையாடும் டேப்லெட்டும் அதே அக்கவுண்ட்தான் என்றால் அறுவைச் சிகிச்சைப் படம் அங்கே வந்து நிற்கும். ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதை அழுத்தினாலும் மற்றவர் ஏற்கெனவே சேமித்ததும் ஃபார்வர்டு செய்ததும் போகாது.

ஒரு எச்சரிக்கை. அடையாளத்தையெல்லாம் நீக்கிய படத்தால் ஆள் மாறிப்போகும் ஆபத்து உண்டு. அதனால் யாருடைய படம் என்பதைப் போனில் பேசி உறுதிசெய்யுங்கள், எழுதி அனுப்பாதீர்கள்.

கான்ஃபரன்ஸ் ஸ்லைடு

பவர்பாயின்ட்டில் ‘கிராப்’ செய்தால் பெயர் மறையுமே தவிர அழியாது. கோப்பு கிடைத்தவர் ‘ரீசெட் பிக்சர் & சைஸ்’ கொடுத்தால் முழுப் படமும் திரும்பி வரும். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போய் ‘டெலீட் கிராப்ட் ஏரியாஸ்’ கொடுங்கள். பி.டி.எஃப்.பில் கறுப்புக் கட்டம் வரைந்தாலும் அடியில் உள்ள எழுத்தைக் காப்பி செய்துவிடலாம்.

சிவப்பு மையில் ஹெச்.ஐ.வி.

எழுதாதீர்கள். கட்டில் தலைமாட்டிலும் வேண்டாம், கேஸ் ஷீட் அட்டையிலும் வேண்டாம். கையுறை எல்லா நோயாளிக்கும்தான் போடுகிறோம், அதற்காக அடையாளம் எதுவும் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டப்படி சிகிச்சையில் பங்குபெறும் மருத்துவப் பணியாளருக்குத் தேவையான அளவுக்குச் சொல்லலாம். தேவையில்லாதவருக்குத் தெரியவைக்கக் கூடாது.

கூட வந்தவர் கேட்டால்

‘நான் வீட்டுக்காரர், சொல்லுங்க சார்’ என்றால் உடனே சொல்லிவிடுகிறார்கள். அட்மிஷன் போடும்போதே நோயாளியைத் தனியாக ஒரு நிமிடம் கேளுங்கள்: யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம்? அதைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதினால் அடுத்த டூட்டிக்கு வருபவருக்கும் தெரியும்.

கருக்கலைப்பில் இது இன்னும் கடுமை. 18 வயது நிரம்பிய, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. பெயர் அட்மிஷன் ரிஜிஸ்டரில் மட்டுமே வர வேண்டும், மற்ற எல்லாத் தாளிலும் வரிசை எண்தான். சம்மதப் படிவத்தை உறையிலிட்டு ஒட்டி, மேலே ‘ரகசியம்’ என்று எழுதி வைக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டரில் முழுப் பெயரை எழுதும் சிஸ்டர்கள் வழக்கம் காரணமாகத்தான் எழுதுகிறார்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் அனுமதிக்காத ஒருவருக்கு அந்த விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டப்படி (சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர், அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பயந்துபோய்ப் பெயரைக் கொடுத்துவிடுகிற டாக்டர்களும், அதே பயத்தில் சிகிச்சையையே மறுத்து அனுப்புகிறவர்களும் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும்.

ஆள் மாறிய ரிப்போர்ட்

ஒரே நாளில் லேபுக்கு இரண்டு ‘எஸ். குமார்’ வருவார்கள். பெயர் கேட்டுக் கொடுக்காதீர்கள், பில் எண்ணையும் வயதையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் முதலில் பெயரோ விவரமோ இல்லாத ஒரு வரி அனுப்பி, பதில் வந்த பிறகு ரிப்போர்ட்டை அனுப்புங்கள். போன் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் போதும், முன்பின் தெரியாத ஒருவர் கையில் சர்க்கரை அளவும் கர்ப்பப் பரிசோதனை முடிவும் போய்ச் சேரும்.

பழைய பேப்பர்

கடைக்குப் போடாதீர்கள், வடை மடிக்கப் போகும். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் ஷ்ரெட்டர் வாங்குங்கள்.

ரகசியம் என்று சொல்லி நோயாளிக்கே மறுப்பது

இதுவும் தவறுதான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கேட்ட தேதியையும் நேரத்தையும் எழுதி, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், 72 மணி நேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.