விண்டோஸ் 10 லேப்டாப்பை எடைக்குப் போடும் முன்: பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 2015-இல் வெளியான மென்பொருள், பத்து வருஷம் ஓடியிருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று போனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் கோடு கிழித்து வைத்திருக்கிறது. 2016, 2017 வாக்கில் வாங்கி இன்றும் நன்றாக ஓடுகிற ஐ5 லேப்டாப்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. கடையில் கேட்டால் “எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க சார்” என்று முடித்துவிடுகிறார்கள்.

போடாதீர்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்பது என் கட்சி. அதுவும் இந்தச் சமயத்தில். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டு வெளியேறுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. கையில் எட்டு ஜிபி ரேமோடு ஒரு மெஷின் இருந்தால் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வேறு வழிகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அவர்கள் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். கெடுவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்று யூடியூபில் பலர் காட்டுகிறார்கள். நடக்கும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பேங்க் வேலை பார்க்கிற கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

லினக்ஸ் மின்ட்டின் பெரிய சௌகரியம், எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பிடிக்கவில்லையா, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

முதல் படி: உங்கள் மெஷினில் என்ன இருக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருக்கமான ஜன்னலாக வந்தால் கீழே ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்பதைச் சொடுக்கி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். சிபியூ என்ற இடத்தில் பிராசஸரின் பெயர் இருக்கும். ஐ5-7200யூ என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 7தான் தலைமுறை. மெமரி என்ற இடத்தில் ரேம் அளவு தெரியும்.

அடுத்து டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். இதுதான் முக்கியம். அங்கே எஸ்எஸ்டி என்று போட்டிருக்கிறதா, ஹெச்டிடி என்று போட்டிருக்கிறதா? ஹெச்டிடி என்றால் உள்ளே சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். மெஷினை ஆன் செய்து டீ குடித்துவிட்டு வந்தாலும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது இதுதான். அப்படியென்றால் மின்ட் போட்டாலும் பாதி சுகம்தான் கிடைக்கும். ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். 240 ஜிபி போதும். ரேமுக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ரேம் நான்கு ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால் மின்ட் ஓடும். இரண்டு ஜிபியிலும் ஓடும் என்று அவர்கள் தளத்தில் இருக்கிறது. ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் திணறிவிடும்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் இவற்றில் ஒன்று தினமும் வேண்டுமா? இவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள், டோக்கன் கொடுத்தவரிடம் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விசாரித்துவிட்டு மேலே போங்கள். கேனான் எல்பிபி 2900 பிரின்டரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருக்கிற அந்தப் பிரின்டரை லினக்ஸில் ஓட வைப்பது எளிதல்ல. எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும்.

இரண்டாம் படி: பேக்கப்

டாக்குமென்ட், படம், டவுன்லோட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் கொட்டி வைத்திருப்பதை மறந்துவிடாதீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இதில் சேர்த்தி.

நம் ஆட்களுக்கு மட்டுமான ஒரு விஷயம்: பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்ட் கோப்புகள் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களையும் நகல் எடுங்கள். புது சிஸ்டத்தில் அவற்றை நிறுவிவிட்டால் மின்ட்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபிஸில் கோப்பு சரியாகத் தெரியும். இல்லையென்றால் திருமணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்து நிற்கும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்று தேடிப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அதை ஆஃப் செய்யுங்கள். எழுதி வைக்காமல் பயாஸில் (விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) கை வைத்தால், அடுத்த முறை நீலத் திரை ஒன்று வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

மூன்றாம் படி: பென்டிரைவ் தயாரித்தல்

எட்டு ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குப் போனால் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வகை டெஸ்க்டாப் காட்டும். எட்டு ஜிபி ரேம் இருந்தால் சின்னமன், நான்கு என்றால் எக்ஸ்எஃப்சிஇ. ரொம்ப யோசிக்க வேண்டாம். 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. கோப்பு ஏறக்குறைய மூன்று ஜிபி வரும். டவுன்லோட் பட்டியல் நாடுவாரியாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் சர்வரைச் சொடுக்கினால் சீக்கிரம் இறங்கும்.

பிறகு பலேனா எட்சர் என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறங்கள். முதலில் கோப்பு, அடுத்து பென்டிரைவ், கடைசியில் ‘ஃப்ளாஷ்’. மூன்று பட்டன்தான். எழுதியதும் அதுவே ஒரு முறை சரிபார்க்கும், பொறுத்திருங்கள். முடிந்தவுடன் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டலாம். லினக்ஸ் எழுதிய பகுதி அதற்குப் புரியவில்லை, அதனால் கேட்கிறது. கேன்சல் கொடுங்கள். ஃபார்மட்டை அழுத்திவிட்டால் எழுதியது போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

நான்காம் படி: பென்டிரைவிலிருந்து கிளப்புதல்

பென்டிரைவைச் செருகிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்து ஆன் செய்தால் முழுதாக அணையாமல் வைத்துச் சீக்கிரம் எழுப்பும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி குறுக்கே வரும். கம்பெனி லோகோ தெரிவதற்கு முன்பே எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனுவின் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டும். வருகிற பட்டியலில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனை தடுக்கிறது என்று செய்தி வந்தால் பயாஸில் அதை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். திரை கறுப்பாகவே நின்றால், மின்ட்டின் முதல் மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்ற வரி இருக்கும், அதில் போங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்த்தல்

டெஸ்க்டாப் வந்ததும் பலர் நேராக இன்ஸ்டால் ஐகானுக்குப் போய்விடுகிறார்கள். அவசரம் வேண்டாம். பழைய கார் வாங்கப் போனால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் சாவி வாங்குவோமா?

முதலில் வைஃபை. வலது கீழ் மூலையில் நெட்வொர்க் ஐகானைச் சொடுக்கினால் உங்கள் வீட்டு வைஃபை பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். பிராட்காம் சிப் உள்ள சில பழைய மாடல்களில் டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். ஃபோனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும். பிறகு மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால், இந்த மெஷினுக்கு எந்த டிரைவர் வேண்டும் என்று அதுவே சொல்லும்.

அடுத்து யூடியூபில் ஒரு பாட்டைப் போடுங்கள். ஸ்பீக்கரில் கேட்கிறதா, ஹெட்ஃபோன் செருகினால் அதற்கு மாறுகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள், டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல், வெப்கேம், ப்ளூடூத் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிடுங்கள். யாரும் சோதிக்க மறப்பது லேப்டாப்பின் மூடி. மூடி, ஒரு நிமிஷம் விட்டு, திறங்கள். திரை உயிரோடு திரும்பி வருகிறதா? சில மாடல்கள் தூங்கிப் போனால் எழுந்திருப்பதே இல்லை. அதை இப்போது தெரிந்துகொள்வது நல்லது.

வேகத்தை மட்டும் இங்கே வைத்து எடை போடாதீர்கள். எல்லாம் பென்டிரைவிலிருந்து படிப்பதால் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கக்கூட நேரம் எடுக்கும். எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்தபின் கதையே வேறு.

ஆறாம் படி: இன்ஸ்டால்

எல்லாம் சரி என்றால் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகானைத் திறங்கள். மொழியில் தமிழும் இருக்கும். நான் மெனுவை ஆங்கிலத்திலேயே விடச் சொல்வேன், ஏனென்றால் ஏதாவது எரர் வந்தால் அதை அப்படியே கூகுளில் போட்டுத் தேடலாம். ‘மல்டிமீடியா கோடெக்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது.

அப்புறம்தான் உண்மையான முடிவு. ‘விண்டோஸோடு சேர்த்து’ என்று ஒரு வழி, ‘டிஸ்க்கை முழுதாக அழித்து’ என்று இன்னொரு வழி. டேலியோ பழைய பிரின்டரோ இருப்பவர்கள் முதல் வழியை எடுங்கள். நடுவில் ஒரு கோடு வரும், அதை இழுத்து மின்ட்டுக்கு 60 முதல் 100 ஜிபி ஒதுக்குங்கள். இதற்கு முன்பே விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்திருக்க வேண்டும், பிட்லாக்கரும் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க்கைச் சுருக்க முடியாது என்று நின்றுவிடும். விண்டோஸை நெட்டில் இணைக்காமல் டேலிக்கு மட்டும் வைத்துக்கொள்வது இப்போதைக்கு ஒரு நல்ல ஏற்பாடு. விண்டோஸே வேண்டாம் என்பவர்கள் இரண்டாவது வழியில் போகலாம். ‘இன்ஸ்டால் நௌ’ அழுத்தியபின் திரும்பி வர வழி கிடையாது, பேக்கப் எடுத்தோமா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஊர் கேட்கும்போது வரைபடத்தில் சென்னையைத் தொட்டாலும் கொல்கத்தா என்றுதான் வரும். இந்தியா முழுக்க ஒரே நேரம்தானே, விடுங்கள். பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் மீதியை அதுவே முடித்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆனதும் மின்ட், விண்டோஸ் இரண்டையும் காட்டும் ஒரு மெனு வரும். வராமல் நேராக விண்டோஸுக்குள் போனால் பயாஸில் பூட் வரிசையை மாற்றுங்கள். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது சிலருக்குக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நெட்டில் இருந்தால் விண்டோஸின் நேர செட்டிங்ஸில் ‘சிங்க் நௌ’ கொடுங்கள், அப்போதைக்குச் சரியாகிவிடும்.

ஏழாம் படி: முதல் நாள் வேலைகள்

‘அப்டேட் மேனேஜர்’ திறந்து எல்லா அப்டேட்டையும் போடுங்கள். ‘டைம்ஷிஃப்ட்’ திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு எதையாவது குழப்பிவிட்டால் சிஸ்டத்தை இந்த நிலைக்குத் திருப்பலாம்.

தமிழ் தட்டச்சுக்குக் கீபோர்ட் செட்டிங்ஸில் தமிழ்நெட் 99 என்று ஒரு லேஅவுட் தெரியும். அதை எடுக்காதீர்கள். அதில் ‘அக்கா’ என்று அடிக்க ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழாது, தமிழ்99 பழகிய கைக்கு அது பெரிய இம்சை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவி, ‘இன்புட் மெத்தட்’ என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை லாக் அவுட் ஆகி உள்ளே வாருங்கள். ஐபஸ் செட்டிங்ஸில் தமிழ் என்று சேர்க்கப் போனால் தமிழ்99-உம் ஃபொனெட்டிக்கும் தனித்தனியாக வரும். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.