பினாங்குச் சுவரோவியங்களைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் பார்ப்பது எப்படி? மலையிலிருந்து போகிறவர்களுக்கு

கோத்தகிரிக்குத் திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி ஆச்சே, மலேசியாவில் பினாங்கு போய் அந்தச் சுவர்ப் படங்களையெல்லாம் எப்படிச் சுற்றிக் காட்டினாய்? ரிக்‌ஷாவில்தான். நம் மலையில் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய்ப் பழகியவர்கள் அநேகமாக யாரும் இல்லை, எங்கள் ஊர் டானிங்டன் ஏற்றத்தில் மூன்று சக்கர வண்டியை ஆள் வைத்து மிதித்து ஏற்ற யாரால் முடியும்? அதனால் எங்கே ஏறுவது, என்ன பேசுவது, எந்தப் பக்கம் பார்ப்பது எல்லாமே எங்களுக்குப் புதுசாக இருந்தது. முதல் நாள் தப்பாகச் செய்து இரண்டாம் நாள் சரியாகச் செய்தோம். அதை அப்படியே எழுதுகிறேன், வீட்டில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும்.

முதல் நாள் செய்த தப்பு இது. காலை ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குப் போனில் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், படங்கள் இருக்கும் ஜார்ஜ் டவுன் கடல் மட்டம். வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம், அந்தப் புழுக்கம் மலை உடம்புக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. இரண்டு படம் பார்ப்பதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை ஓடும், அங்கத்துத் தமிழர்கள் அதை அஞ்சடி என்கிறார்கள். அந்த அஞ்சடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் விசிறிவிட்டு, அப்படியே தங்கும் இடத்துக்குத் திரும்பிவிட்டோம்.

போவதற்கு முன்னால் கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. ஜார்ஜ் டவுன் பினாங்குத் தீவின் பழைய நகரம், 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் நடந்த ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக எர்னஸ்ட் சகாரெவிச் என்ற லிதுவேனியாக்காரர் அங்கங்கே சுவர்களில் படம் வரைந்தார். சில படங்களில் மனிதர்கள் மட்டும் ஓவியம், கூட இருக்கும் சைக்கிள், நாற்காலி எல்லாம் நிஜம். அவை பிரபலமாகி, அதைப் பார்த்து இன்னும் பல பேர் வரைய, இப்போது முக்குக்கு முக்கு ஏதாவது ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். எட்டுப் பத்துப் படங்களை நின்று நிதானமாகப் பார்த்தால் போதும்.

நேரம்தான் முக்கியம். மலேசியாவின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனால் அங்கே ஏழு மணி தாண்டித்தான் நன்றாக விடியும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்தால் வெளியே இருட்டாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். எட்டு மணிக்கு ரிக்‌ஷாவில் ஏறிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், கூட்டமும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. விட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். மழை அங்கே செப்டம்பர், அக்டோபரில் பலமாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரி சுற்றுவதற்கு நல்ல மாதங்கள், மலையில் உறைபனி விழும்போது அங்கே போய் உடம்பைக் காய வைத்த மாதிரியும் ஆச்சு. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய் அங்கிருந்து பறப்பது ஒரு வழி. கோவையிலிருந்து சிங்கப்பூர் போய் மாறுவது இன்னொரு வழி. ஸ்வெட்டரைப் பையின் அடியில் போட்டுவிடுங்கள், விமானத்துக்குள் மட்டும்தான் அது தேவைப்படும்.

ரிக்‌ஷாவுக்கு அங்கே பெச்சா என்று பெயர். பினாங்கு ரோடு, சூலியா தெருப் பக்கம் போனால் குடை விரித்து, பிளாஸ்டிக் பூ சுற்றி வரிசையாக நிற்கும். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால் முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பேசி வைத்துவிடுங்கள். பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: எவ்வளவு நேரம், அந்தப் பணம் ஆளுக்கா வண்டிக்கா, படத்துக்கு முன்னால் நிற்கிற நேரமும் அதில் சேர்த்தியா. இந்த மூன்றாவதைக் கேட்காமல் விட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனசுக்குள் மணி பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், படம் கண்ணில் ஏறாது. மலாயில் 'பெராப்பா' என்றால் எவ்வளவு, 'சத்து ஜாம்' என்றால் ஒரு மணி நேரம், 'பெர்லஹான்' என்றால் மெதுவாக. இந்த மூன்று வார்த்தையில் எங்கள் காரியம் முடிந்தது. பேரம் பேசலாம், அங்கே அது வழக்கம்தான். ஆனால் அறுபது எழுபது வயதுக்காரர் நம் இரண்டு பேர் பாரத்தையும் தன் காலால் தள்ளப்போகிறார் என்பதை நினைத்துக்கொண்டு பேசுங்கள். ஒல்லியாக இருந்தால் இரண்டு பேர் உட்காரலாம், இல்லையென்றால் மனசாரத் தனி வண்டி எடுத்துவிடுங்கள்.

ஏறும்போது ஒரு சின்ன ஆச்சரியம் இருக்கிறது. நம் சமவெளி ஊர்களின் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஓட்டுகிறவர் முன்னால், நாம் பின்னால். பினாங்கில் தலைகீழ், நாம் முன்னால் உட்காருகிறோம், அவர் நம் முதுகுக்குப் பின்னால் மிதிக்கிறார். கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பும் இல்லை, தெரு முழுசும் நேராக நம்மிடம் வருகிறது. எதிரே லாரி வந்தாலும் அப்படியேதான் வரும், அம்மா முதல் ஐந்து நிமிடம் முருகா முருகா என்று என் கையை விடவே இல்லை, அப்புறம் பழகிவிட்டது. முட்டி வலி உள்ளவர்களை ஏற்றும்போது ஓட்டுநரைப் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அஞ்சடியின் திண்டிலிருந்து ஏற்றுங்கள், உயரம் சரியாக இருக்கும். குடையை முழுசாக விரிக்க வேண்டாம், பாதி மடக்கச் சொன்னால்தான் மாடிச் சுவரெல்லாம் தெரியும்.

வழி எப்படிப் போட்டோம் என்றால், முன்த்ரி தெருவில் ஆரம்பித்தோம். அங்கே நீல உடுப்பு போட்ட சின்னப் பெண், சுவரில் இருக்கும் நிஜ ஜன்னல்களின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அந்தரத்தில் தொங்குகிறாள். பெரிய படம், எதிர்ப் பக்கம் நிறுத்தச் சொன்னால்தான் முழுசாகத் தெரியும். அங்கிருந்து கேனன் தெரு. அங்கே ஒரு பையன் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் உயரத்தில் இருக்கும் ஓட்டையை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். நாற்காலி நிஜம், ஓட்டையும் நிஜம், பையன் மட்டும் ஓவியம்.

அடுத்தது ஆர்மீனியன் தெரு. எல்லாரும் தேடி வருவது இங்கே இருக்கும் சைக்கிள் படத்தைத்தான், அக்கா ஓட்டுகிறாள், தம்பி பின்னால் இறுகப் பிடித்திருக்கிறான். முதல் நாள் மத்தியானம் இதற்கு முன்னால் முப்பது பேர் வரிசை, ஆளுக்கு ஒரு போட்டோ, அடுத்த ஆள். இரண்டாம் நாள் காலை எங்கள் ஓட்டுநர் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்திவிட்டு, அவசரமே இல்லாமல் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். எங்களைத் தவிர யாரும் இல்லை. அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். சைக்கிள் நிஜ சைக்கிள், பழைய இரும்பு, சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. சுவர் பழைய கட்டடத்தின் பூச்சு, அங்கங்கே உரிந்து பின்னால் இருக்கும் நிறம் தெரிகிறது, அந்த உரிசலோடு சேர்த்துத்தான் படமே இருக்கிறது. மழைக்காலம் முழுக்கச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சுவரைப் பார்த்தவுடனே புரியும், இது ரொம்ப நாள் அப்படியே இருக்காது. வெயிலும் மழையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அம்மா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை, உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீயும் உன் தம்பியும் இப்படித்தான் ஹட்டி இறக்கத்தில் விழுந்தீங்க" என்றாள். ஹட்டி என்றால் எங்கள் பக்கத்து மலைக் கிராமம். எனக்கு மறந்தே போயிருந்தது.

பக்கத்திலேயே ஆ குவீ தெரு, அங்கே பழைய மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்த பையன். அதைத் தாண்டிக் கடல் பக்கம் போனால், சூலியா தெருவின் கோடியில் ஒரு சந்துக்குள் லூயிஸ் கான் வரைந்த அண்ணன் தங்கை, நிஜ ஊஞ்சலில் ஆடுகிற மாதிரி. வண்டி உள்ளே போகாது, நாலு அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

போகிற வழியில் சுவர்களில் கறுப்பு இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களையும் பார்ப்பீர்கள். நிறைய பேர் அதைக் கடைப் பலகை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அவை தனி ஒரு வேலை, மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து வந்தவை, மொத்தம் 52. ஒவ்வொன்றும் தான் இருக்கிற தெருவின் பழைய கதையைச் சொல்கிறது, யார் இங்கே இருந்தார்கள், என்ன தொழில் நடந்தது, பெயர் எப்படி வந்தது என்று. கேனன் தெருவுக்கு அந்தப் பெயர் வந்தது 1867 கலவரத்தில் வெடித்த பீரங்கியால் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. சாயங்காலம் வெயில் சாய்ந்து அடிக்கும்போது இந்தக் கம்பிகளின் நிழல் சுவரில் விழுந்து இன்னொரு படமாகத் தெரியும். மறுநாள் மாலை அதற்காகவே அரை மணி நேரம் தனியாக நடந்தேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், சுவரில் கை வைக்காதீர்கள். சைக்கிள் மேல் உட்காருகிற மாதிரி போட்டோ எடுக்கிற ஆசையில் குழந்தைகளின் முகத்திலேயே கையை ஊன்றுகிறார்கள். நம் கோத்தகிரிப் பக்கமே கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களுக்கு என்ன ஆனது என்று தெரியும்தானே? ஆயிரக்கணக்கான வருடம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கினதை, வந்து போனவர்கள் பெயர் கிறுக்கியும் சுரண்டியும் கெடுத்துவிட்டார்கள். நம் நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பர்கள் வேங்கைப் பிசினையும் மண்ணையும் இலைச்சாற்றையும் நிறமாக்கி, பாறையில் கயிறு கட்டித் தொங்கித் தேன் எடுப்பதை வரைகிறார்களே, அந்த ஓவியத்தைக் கோத்தகிரியில் ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டுப் பினாங்கு போங்கள் என்று சொல்வேன். சுவரில் இருக்கிற படம் ஏன் அந்தச் சுவரிலேயே இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் வந்துவிடும்.

கடலோரம் போனால் சியூ ஜெட்டி, கடல் மேல் மரக்கால் நட்டுக் கட்டிய சீனக் குடும்பங்களின் வீடுகள். வாசலில் எட்டிப் பார்த்துப் போட்டோ எடுக்காதீர்கள், நம் வீட்டு வாசலில் சுற்றுலாப் பயணி நின்று எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும். திரும்பும்போது லிட்டில் இந்தியா வழியாக விடச் சொல்லுங்கள். 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் குயின் தெருவில் இருக்கிறது, பூக்கடைக்காரர் தமிழில் விலை சொல்லுவார். பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதுவும் தமிழ் முஸ்லிம் வணிகர்களோடு தொடர்புள்ளதுதான். சூலியா என்ற தெருப் பெயரே அவர்களைக் குறித்த சொல்.

கடைசி நிறுத்தமாகப் பினாங்கு ரோட்டை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இறங்கினால் கெங் குவீ தெருவில் செண்டோல் குடிக்கலாம், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸும் சேர்த்த இனிப்பு அது. அந்த ரோட்டில் ஒரு பெரிய சுவர் முழுக்க ஒரு ரிக்‌ஷாக்காரர், தன் வண்டியிலேயே சாய்ந்து சவாரிக்குக் காத்திருக்கிறார். அதுவும் சகாரெவிச் வரைந்ததுதான். எங்கள் ஓட்டுநர் அதற்குக் கீழே வண்டியை நிறுத்தினார். அம்மா தமிழிலேயே, "நீங்களும் அங்கே நில்லுங்க, ஒரு போட்டோ" என்றாள், அவருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றித் தலையைக் கையால் வாரிக்கொண்டு போய் நின்றார். பேசின பணத்துக்கு மேல் கொஞ்சம் கொடுத்தோம். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், பெரிய நோட்டுக்கு அவர்களிடம் மீதி இருக்காது. அன்று சாயங்காலம் அந்தப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு, அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். குடையின் உள்பக்கம், கம்பிக்கு இடையில் அதைச் செருகி வைத்துக்கொண்டார்.