மல் கரவலாவைக் காட்டில் பார்த்தால் செய்யக்கூடாதவை

இலங்கையின் ஈரவலய மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாம்பு உண்டு. சிங்களத்தில் நிஹலுவா என்றும் மல் கரவலா என்றும் சொல்வார்கள். சிங்கராஜ வனத்தில் பல தடவை நடந்தவர்களுக்கே எப்போதாவதுதான் கண்ணில் படும். ஏறக்குறைய அரை மீட்டர் நீளம், பழுப்பு உடல், குறுக்கே கறுப்புப் பட்டைகள், அவற்றின் ஓரங்களில் மஞ்சள் பொட்டுகள், கழுத்தில் நல்ல சிவப்பு. தரையில் உதிர்ந்த இலைகளுக்கிடையே தவளை தேடித் திரியும் சாதுவான பாம்பு. அந்தச் சாதுத்தனத்தை நம்பிக் கையில் எடுப்பதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான்.

"இது நீர்க்கோலி வகைதானே, கடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாம்புகளைப் பற்றி ஓரளவு படித்தவர்கள். நாகம், விரியன் போல இதற்கு முன்பக்கத்தில் நச்சுப்பல் கிடையாது என்பது உண்மை. ஆனால் மேல்தாடையின் பின்பக்கத்தில் பெரிய பற்கள் உண்டு. சும்மா கொத்திவிட்டு விட்டால் ஒன்றும் ஆகாமல் போகலாம். விரலைக் கவ்வி மென்றால் விஷம் இறங்கும். கடிபட்டவருக்கு ரத்தம் உறையும் தன்மை பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இதன் உறவான யமகாகஷி என்ற ஜப்பானியப் பாம்பையும் நெடுங்காலம் விஷமற்றது என்றே நினைத்திருந்தார்கள். அதன் கடியால் பிறகு உயிர்கள் போயின. பின்பல் பாம்புகளை நிபுணர்கள்கூடக் குறைத்து மதிப்பிட்டுவிடுவதுண்டு. 1957இல் அமெரிக்கப் பாம்பியலாளர் கார்ல் ஷ்மிட், பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்கப் பின்பல் பாம்பின் குட்டி கடித்ததைப் பெரிதுபடுத்தாமல் அறிகுறிகளை மட்டும் குறித்துக்கொண்டிருந்தார். மறுநாளே இறந்துபோனார். அவரை விடவா நமக்குத் தெரியும்?

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. பட்டைகளைப் பார்த்ததும் கட்டுவிரியன் என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். கட்டுவிரியனின் உடல் வழுவழுப்பாக மின்னும், பட்டைகள் வெள்ளையாக இருக்கும், நடமாட்டம் இரவில். மல் கரவலாவின் செதில்களில் நடுக்கோடு புடைத்திருப்பதால் உடல் சொரசொரப்பாகத் தெரியும். ஆனால் இந்த வித்தியாசங்கள் தள்ளி நின்று ரசிப்பதற்குத்தான் போதும். இவற்றை நம்பித் தொட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் காடுகளில் இலங்கைக்கே உரிய ஒரு கட்டுவிரியனும் இருக்கிறது.

அப்புறம், கழுத்து. சீண்டினால் தலையைத் தூக்கிக் கழுத்தின் சிவப்பைக் காட்டும். படம் நன்றாக வரும் என்று அப்போது குச்சியால் இன்னும் கிளறுவார்கள். அது எச்சரிக்கை, போஸ் அல்ல. பிடரியில் சுரப்பிகளும் உண்டு. யமகாகஷியின் பிடரிச் சுரப்பு கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் வீக்கமும் வரும். அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோவதும் நல்லதல்ல. அட்டையைப் பிடுங்கக் குனிந்து, இலைக்குவியலில் கையை ஊன்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சரி, கடித்தே விட்டது. வீக்கம் இல்லை, வலி இல்லை என்று பயணத்தைத் தொடராதீர்கள். ரத்தம் உறையாத நிலை பல மணி நேரம் கழித்தும் வரலாம். ஈறில் ரத்தம் கசியலாம், அல்லது கடிவாய் நிற்காமல் கசிந்துகொண்டிருக்கலாம். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எதுவும் வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின் போடவே கூடாது, அது ரத்தக்கசிவை இன்னும் கூட்டும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காவிட்டால் நுழைவாயில் வரை வந்து அழையுங்கள்.

வைத்தியசாலைக்குப் போனதும் "விஷமுறிவு மருந்தை உடனே போடுங்கள்" என்று உறவினர்கள் நெருக்குவதுண்டு. இலங்கையில் பரவலாகப் பயன்படும் இந்தியக் கூட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்யப்பட்டது. மல் கரவலாவின் விஷத்துக்கு அது பொருந்தாது, கடுமையான ஒவ்வாமை வேறு வரலாம். சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒரு முறை உறைந்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், அவர்கள் மீண்டும் சோதிக்கும்வரை இருங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம். தள்ளி நின்று எடுத்த ஒரு போன் படமே போதும்.

அந்தப் படத்தைப் பிறகு இணையத்தில் போடும்போது இடத்தைச் சரியாகக் குறிப்பிடாதீர்கள். அரிய பாம்புகளைப் பிடித்து விற்க அலைபவர்கள் இருக்கிறார்கள். "சிங்கராஜ" என்று மட்டும் போட்டால் போதும், எந்த ஓடை, எந்தத் திருப்பம் என்பதெல்லாம் வேண்டாம்.