சுண்ணாம்பு படிந்த இதய வால்விலிருந்து புரதம் எடுப்பது எப்படி?

நலமான அயோர்டிக் வால்வின் இதழ் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. நோயுற்றபின் அதே இதழின் ஒரு பக்கம் கல்லாக இறுகியிருக்கும், ஓரம் மட்டும் மென்மையாக இருக்கும். இரண்டையும் சேர்த்து அரைத்தால் வரும் புரத அளவு எந்தப் பகுதியுடையதும் அல்ல. எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. புரதத்தைக் கண்டறியும் ஆன்டிபாடி எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் முதலில். கதீட்டர் வழியாக வால்வு பொருத்தும்போது பழைய வால்வு உள்ளேயே தங்கிவிடுவதால், திறந்த அறுவை சிகிச்சையிலிருந்துதான் திசு கிடைக்கும். வெளியே எடுத்ததும் பனிக்கட்டியில் குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் ரத்தம் போகும்வரை மூன்று முறையாவது அலசுங்கள். படம் எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டி, அந்தக் கட்டியின் விளிம்பு, மென்மையான பகுதி என மூன்றாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் பாதி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினுக்கு. மீதியைத் தாமதிக்காமல் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

ஒப்பீட்டுக்கு, இதய மாற்று அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட இதயத்தின் படிவில்லாத வால்வு நல்லது. ரத்தம் பின்கசியும் வால்வை "நார்மல்" என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் நோயுற்றதுதான்.

50 மில்லிகிராம் திசுவை, நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்த உரலில் மாவாகப் பொடியுங்கள். சிறிய பிளாஸ்டிக் குழவி இந்தக் கட்டிகளிடம் தோற்றுப்போகும். திசுவைக் கரைத்துப் புரதத்தை வெளிக்கொணரும் ரிப்பா பஃபர் 500 மைக்ரோலிட்டர் சேருங்கள். புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ், அதிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்பட்டேஸ் ஆகிய நொதிகளின் தடுப்பான்களை அன்றன்றே கலக்க வேண்டும். பனிக்கட்டியில் அரை மணி நேரம், இடையிடையே குலுக்கல், பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றல். கட்டியின் எடையில் பெரும்பகுதி தாது என்பதால் திசு எடையை நம்பாமல், அளந்த புரதத்தின்படியே ஜெல்லில் ஏற்றுங்கள்.

அடியில் தங்கும் வெள்ளை மண்டியைக் கொட்டிவிடாதீர்கள். தாதுவோடு ஒட்டிக்கொள்ளும் ஆஸ்டியோபான்டின் போன்ற புரதங்கள் அதில்தான் இருக்கும். கால்சியத்தைப் பிடித்துத் தாதுவைக் கரைக்கும் இடிடிஏவின் 0.5 மோலார் கரைசலில் தடுப்பான்களோடு இரவு முழுவதும் 4 டிகிரியில் சுழலவிட்டால் வெளியே வரும். ஆனால் இடிடிஏ தாமிரத்தைப் பிடித்துக்கொள்வதால் தாமிரத்தை வைத்துப் புரதத்தை அளக்கும் பிசிஏ சோதனை குறைத்துக் காட்டும். டயாலிசிஸ் செய்து இடிடிஏவை நீக்கியபின் அளக்கவும்.

ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு, ஒரு வரிசைக்கு 20 மைக்ரோகிராம் போதும். இங்கே அடிக்கடி ஏமாற்றுவது, அலசியும் போகாத ரத்தத்தின் ஆன்டிபாடி. தேடும் புரதத்தில் ஒட்டும் முதல் ஆன்டிபாடியைக் காட்ட வேண்டிய இரண்டாம் ஆன்டிபாடி, ரத்தத்தின் ஆன்டிபாடியைப் பிடித்தால் 50, 25 கிலோடால்டனில் பட்டை வரும். எலும்பாக்கத்தைத் தூண்டும் ரன்க்ஸ்-2 புரதத்தைத் தேடுகிறவர் 50 அருகே தெரிவதைப் பார்த்து மகிழ்ந்துவிடுவார். மனித ஆன்டிபாடியோடு ஒட்டாதபடி சுத்திகரித்த இரண்டாம் ஆன்டிபாடியை வாங்குங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு பிளாட்டும் ஓட்டுங்கள். நோயில் செல்களின் எண்ணிக்கையும் தன்மையும் மாறுவதால் செல்லின் பொதுப் புரதமான பீட்டா ஆக்டினை ஒப்பீடாகக் கொள்வது ஆபத்து; பான்சோ சாயத்தில் மொத்தப் புரதத்தைப் பார்ப்பதே மேல்.

ஃபார்மலினில் போட்ட பாதியை 24 மணி நேரத்தில் எடுத்து, அதில் ஒரு துண்டைச் சுண்ணாம்பு நீக்காமல் தாதுப் படிவைக் காட்டும் வான் கோசா சாயத்துக்கு ஒதுக்குங்கள். மற்றதை 14 சதவீத இடிடிஏவில், பிஎச் 7.2 முதல் 7.4க்குள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, ஊசி தடையின்றி இறங்கும்வரை வையுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். நைட்ரிக் அமிலம் ஒரு நாளில் முடித்துவிடும், கூடவே ஆன்டிபாடி ஒட்டும் இடங்களையும் சிதைத்துவிடும். ஆன்டிபாடி ஒட்டும் இடங்களை வெளிக்கொணரக் கொதிநிலைக்கு அருகில் சிட்ரேட் பஃபரில் சூடாக்கும்போது 5 மைக்ரான் சீவல்கள் ஸ்லைடிலிருந்து உரிந்துவிடும். மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடில் 60 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் நிற்கும். ஒளிரும் சாயம் பயன்படுத்தினால் எலாஸ்டின் தானாகவே பச்சையில் ஒளிரும் என்பதால், சாயமிடாத சீவல் ஒன்றை முதலில் பாருங்கள்.