வேலைக்குத் திரும்பலாமா? சிங்கப்பூரில் பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள்

"உன் சம்பளம் முழுக்க ஃபீஸுக்கே போயிடும், அதுக்கு வீட்டிலேயே இருக்கலாமே." வேலைக்குத் திரும்ப நினைக்கும் அம்மாக்கள் எல்லாருமே இதைக் கேட்டிருப்போம். பிள்ளை அம்மா, அப்பா இருவருக்கும் பொது. அதனால் கட்டணத்தை அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்காதீர்கள், வீட்டு வருமானத்திலிருந்து கழியுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். கணவருக்கு மாதம் 6,500 வெள்ளி. எனக்கு ஒரு கிளினிக் கவுண்டரில் 2,600 வெள்ளிக்கு வேலை. மகளுக்கு மூன்று வயது, சிங்கப்பூர்க் குடியுரிமை உண்டு. (நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் பராமரிப்பு மானியம் கிடையாது.) பிசிஎஃப் ஸ்பார்க்கிள்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற, அரசு நிதியுதவி பெறும் ஆங்கர் ஆபரேட்டர் நிலையங்களில் 2026-இல் முழுநாள் கட்டணம் அதிகபட்சம் 610 வெள்ளி. ஜிஎஸ்டி சேர்த்தால் 664.90. நான் வீட்டில் இருந்தால் மானியம் 150தான், கையிலிருந்து 514.90 கட்ட வேண்டும். வேலைக்குப் போனால் அடிப்படை மானியம் 300. இருவர் சம்பளமும் சேர்த்து 9,100 வருவதால் கூடுதல் மானியம் இன்னொரு 130. ஆக, நாங்கள் கட்டுவது 234.90.

வீட்டு வருமானம் ஏற ஏறக் கூடுதல் மானியம் குறையும். 12,000 வெள்ளியைத் தாண்டினால் அது கிடையாது. 2024 டிசம்பரிலிருந்து, வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருக்கும் வீடுகளில் அம்மா வேலைக்குப் போகாவிட்டாலும் வேலைபார்க்கும் அம்மாவுக்குரிய அதே மானியம் முழுக்க உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் அம்மா வேலைக்குப் போனதும் வருமானம் ஏறுவதால் கட்டணம் கொஞ்சம் ஏறலாம். வேலைக்குப் போவதற்கு முன், பின் என்று இரண்டு கணக்கும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் சிபிஎஃப், அதாவது சம்பளத்தில் பிடிக்கும் கட்டாய மத்திய சேமநிதி. பலர் கையில் வரும் 2,080 வெள்ளியை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். முதலாளி மேலே போடும் 442 வெள்ளி எங்கே போயிற்று? என் பங்கு 520-ஐயும் சேர்த்தால் மாதம் 962 வெள்ளி என் பெயரில் சேர்கிறது. 35 வயதைத் தாண்டிய எனக்கு அதில் 546 சாதாரணக் கணக்குக்குப் போகிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனுக்கு அதிலிருந்தே கட்டலாம். வீட்டில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் இது நம் ஓய்வுக்காலத்திலிருந்து கழிகிறது. பராமரிப்புக் கட்டணமோ பிள்ளை தொடக்கப்பள்ளிக்குப் போகும்வரைதான்.

முழுநேர வேலை பயமாக இருக்கிறதா? மாதம் 56 மணி நேரம் வேலை செய்தாலே வேலைபார்க்கும் அம்மாவுக்கான மானியம் கிடைக்கும். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம், அவ்வளவுதான். வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் சிறப்பு அனுமதி கேட்கலாம். நிலையத்தின் அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள்.

பணம் சரியாக வந்தாலும் நேரம் சரியாக வர வேண்டும். நிலையங்கள் பொதுவாக மாலை 7 மணிக்கு மூடும். நகர மையமான ராஃபிள்ஸ் பிளேஸில் 6 மணிக்கு வேலை முடிந்தால் வடக்கே ஈசூன் வந்து சேரவே நாற்பது நிமிடம்போல ஆகும். ரயில் தாமதமானால் தாமதக் கட்டணம், அதைவிட, வாசலில் பையை மாட்டிக்கொண்டு கடைசியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம். அதனால்தான் சம்பளம் குறைவென்றாலும் பேருந்து தூரத்தில் இருக்கும் கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் சில மாதங்களில் சளி, காய்ச்சல், கை-கால்-வாய் நோய் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். குடியுரிமையுள்ள பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் சம்பளத்துடன் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. கணவருடைய ஆறு நாளும் பிள்ளைக்காகத்தான் என்பதை வேலையில் சேருவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நிலையத்தைப் பார்க்கப் போகும்போது முன்பணம், சீருடைச் செலவு, தாமதக் கட்டணம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். தமிழ் வகுப்பு உண்டா என்றும் கேளுங்கள், எல்லா நிலையத்திலும் இருக்காது.