ஏற்றத்தோடு உள்ளே, வற்றத்தோடு வெளியே: முட்டுக்காட்டில் ஒரு காலை கயாக் தூண்டில்

கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) வாங்கியவர்கள் முதலில் கேட்பது எந்த ராடு (தூண்டில் கோல்), எந்த லூர் (போலி இரை) என்றுதான். தண்ணீர் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்பவர் குறைவு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு மாதிரிக் கழிமுகத்தில் தூண்டில் போடுகிறவருக்கு அது தெரியாவிட்டால் ஐந்தாயிரம் ரூபாய் ரீல் இருந்தும் பயனில்லை. துடுப்பு போட்டுக் கை ஓய்ந்து, வெறும் பெட்டியோடு வீடு திரும்புவீர்கள்.

முந்தின நாள் ராத்திரியே கொஞ்சம் வேலை இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் (கடல் நீர் ஏறுவது) வற்றமும் (அது இறங்குவது) பலமாக இருக்கும், அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அஷ்டமிப் பக்கம்தான் நல்லது. மீன் குறைந்தாலும் கயாக் உங்கள் பேச்சைக் கேட்கும். நேரத்துக்கு சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணை போதும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், ஆகவே இன்று பார்த்த நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். காற்று, அலை எச்சரிக்கைக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் முன்னறிவிப்பைப் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. அட்டவணை சொல்வது கடலோர நேரம். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பாலத்தின் தூண்களுக்கிடையே நெருக்கிக்கொண்டு வரும் தண்ணீர் உள்ளே பரவ நேரம் எடுக்கும், அதனால் உப்பங்கழியில் திரும்புவது எப்போதுமே தாமதம்தான். எவ்வளவு தாமதம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் கரையில் குச்சி நட்டு, நீர்மட்டத்தில் கோடு போட்டுப் பார்த்தால் போதும். இன்னொன்று, மழை இல்லாத மாதங்களில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, குளம் மாதிரிதான். கிளம்புமுன் பாலத்தின் மேல் நின்று வாய் திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வீச்சு வலையோடு யாராவது நின்றால் "அண்ணா, தண்ணி எப்ப திரும்புச்சு?" என்று கேளுங்கள். எந்தச் செயலியும் அவர் அளவுக்குச் சரியாகச் சொல்லாது. எங்கே இறக்கலாம், எங்கே வலை கட்டியிருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். படகுக் குழாம் பக்கம் போகாதீர்கள்.

விடியும்போது நீர் நன்றாக வற்றி, ஏறத் தொடங்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். பாலத்துக்கு மேற்கே இறங்கி, ஏறும் தண்ணீரோடு உள்ளே போய், அது திரும்பியதும் வற்றத்தோடு வந்துவிடலாம், இரண்டு பக்கமும் துடுப்புக்குப் பாதி வேலைதான். ஆனால் பாலத்துக்கு முன்பே கரையேறிவிட வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். வற்றும் தண்ணீர் பாலத்தடியில் பிடித்தால் நேரே கடலுக்குத்தான் கொண்டுபோகும், முற்பகலில் கடல் காற்றும் எதிரே எழுந்துவிட்டால் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும்பிக் கவிழ்த்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளுங்கள். விசில், தண்ணீர் புகாத உறையில் போன், கடலோரக் காவல்படையின் 1554 எண், இரண்டு லிட்டர் குடிதண்ணீர், இவ்வளவும் கட்டாயம்.

நங்கூரக் கயிற்றை ஒருபோதும் கயாக்கின் நடுவில், பக்கவாட்டில் கட்டாதீர்கள். நான் கட்டினேன். ஓட்டம் பலமானதும் பக்கம் அமிழ்ந்து, நான் ஒரு பக்கம், ராடு ஒரு பக்கம். ராடு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. முனையிலோ வாலிலோ கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள், கயிற்றை அறுக்க ஒரு கத்தி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் மீன். ஏறும்போது இறாலும் மடவைக் குஞ்சும் கரையோரப் புல்லுக்குள்ளும் சின்னச் சின்ன வாய்க்கால்களுக்குள்ளும் போய்விடும், அவற்றைத் தின்னும் கொடுவா மீனும் பின்னாலேயே வரும், அதனால் கரையை ஒட்டிப் போடுங்கள். தண்ணீர் நின்று திரும்பும் அரை மணி நேரம் பெரும்பாலும் ஒன்றும் கடிக்காது, டீ குடிக்கலாம். வற்றத் தொடங்கியதும்தான் விருந்து. வாய்க்கால் நீர் வடிந்து விழும் வாயில் கொடுவா தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக் காத்திருக்கும், இரை தானாக வந்து விழும் என்று அதற்குத் தெரியும். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, உயிர் இறாலையோ ரப்பர் இறாலையோ வாய்க்காலுக்குள் மேலே வீசி, தண்ணீரோடு இயல்பாக இறங்கவிடுங்கள். ஓட்டத்துக்கு எதிராக இழுத்து வரும் இறாலை எந்தக் கொடுவாவும் நம்பாது. லீடர் (தூண்டில் முள்ளை ஒட்டிக் கட்டும் நரம்பு) தடிமனாக இருக்கட்டும், கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி, நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

கெளுத்தி வந்தால் கையால் தொடாமல் குறட்டால் கழற்றுங்கள், முள் குத்தினால் அன்றைய காலை அதோடு முடிந்தது. கரையேறும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள், திருக்கை இருந்தால் விலகிப்போகும்.

கொடுவா முதலில் ஆணாக இருந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே கையில் வந்த மிகப் பெரியது அநேகமாக முட்டைக்காரி. போட்டோ எடுத்துவிட்டு, தலையை ஓட்டத்தைப் பார்த்துப் பிடித்து, அது வாலை அடித்ததும் விட்டுவிடுங்கள். குழம்புக்கு ஒன்றரைக் கிலோ கொடுவாதான் ருசி.